தொமாசொன்: சொல் விளக்கம்

ஏறிச் சென்றால் கதவில்லாத வெறுஞ்சுவரில் முடியும் படிக்கட்டு, படியோ மாடமோ இன்றி மேல்தளத்துச் சுவரில் அந்தரத்தில் திறக்கும் கதவு, சுற்றுச்சுவர் போன பிறகும் தனித்து நிற்கும் வாயில் ஆகியவற்றைப் பெருநகரங்களில் காணலாம். பயன் போய்விட்ட பின்னும் கட்டடத்தோடு ஒட்டியிருந்து, யாராலோ பேணப்பட்டும் வரும் இத்தகைய பொருள்களுக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர் ‘தொமாசொன்’ என்பதாகும்.

இச்சொல்லின் பிறப்பு 1972இல் தோக்கியோவின் யொத்சுயா பகுதியில் தொடங்குகிறது. அகசெகவா கென்பெய் (1937–2014) என்னும் கலைஞர் தம் நண்பர்களுடன் நடந்து செல்கையில், ஒரு விடுதியின் வெளிச்சுவரில் ஏறவும் இறங்கவும் மட்டுமே உதவும் படிக்கட்டு ஒன்றைக் கண்டார். ஏறி நின்றால் உள்ளே நுழையக் கதவு இல்லை. மறுபக்கம் இறங்கிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதில் அவரை வியக்கவைத்தது அதன் பயனின்மை அன்று. சிதைந்துபோன கைப்பிடியின் ஒரு பகுதிக்குப் புதிய மரத்துண்டு பொருத்திப் பழுதுபார்த்திருந்ததே. எங்கும் கொண்டுசெல்லாத படிக்கட்டில் ஏறுபவர் விழுந்துவிடக் கூடாதென்று யாரோ அக்கறை கொண்டிருந்தனர்.

இவ்வகைப் பொருள்களை அவர் ‘மீக்கலை’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லால் குறித்தார். கலைப்படைப்பைக் கலைஞர் வேண்டுமென்றே படைக்கிறார். மீக்கலைக்கோ படைப்பாளரே இல்லை, அதைக் கண்டறிபவர் மட்டுமே உண்டு. பின்னர் 1980களின் தொடக்கத்தில், தாம் பாடம் நடத்திய கலைப்பள்ளி மாணவர்களோடு இதற்கொரு சிறப்புப் பெயர் தேடியபோதுதான் கேரி தாமசன் என்னும் அமெரிக்க பேஸ்பால் வீரர் இக்கதைக்குள் வருகிறார்.

ஜப்பானின் யொமியுரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி அவரைப் பெருந்தொகை கொடுத்து 1981இல் அழைத்து வந்தது. அவர் மட்டையை ஓங்கி ஓங்கி வீசினாலும் பந்து அதில் படுவது அரிதாக இருந்ததால், அந்த ஒரே பருவத்தில் 132 முறை ‘ஸ்டிரைக் அவுட்’ (பந்தை அடிக்கத் தவறி ஆட்டமிழத்தல்) ஆகி, காற்றை மட்டும் கிளப்பும் ‘மின்விசிறி’ என்ற பட்டத்தையும் பெற்றார். அடுத்த ஆண்டு பெரும்பாலும் ஆடாமல் ஓரத்தில் அமர்ந்திருந்தார். அணியோ அவரைத் தொடர்ந்து பேணி வந்தது. பயனில்லை, ஆயினும் பேணப்படுகிறது என்னும் இலக்கணம் கச்சிதமாகப் பொருந்தியதால் அவர் பெயரே பொருளின் பெயராயிற்று. அதே 1981இல் அவர் 20 ஹோம் ரன்களும் அடித்தவர் என்பதை எண்ணும்போது, இப்பெயரில் நகைச்சுவை இருக்கும் அளவுக்கு நியாயம் இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இச்சொல்லைப் பயன்படுத்துவோர் அதன் எல்லையைக் கவனிக்க வேண்டும். இடிபாடு தொமாசொன் ஆகாது. அதைப் பேணுவார் இல்லை. வீட்டு மூலையில் கிடக்கும் பழுதான கருவியும் ஆகாது. அது நிலத்தோடும் கட்டடத்தோடும் பிணைந்ததன்று. கதவில்லாப் படிக்கட்டில் ஒருவர் நாள்தோறும் பூந்தொட்டிகளை அடுக்கத் தொடங்கினால், அதற்கொரு பயன் வந்துவிடுவதால் அப்பொழுதே அது தகுதியை இழக்கிறது. பயன் போன பின்னும் பேணப்படுவதற்கு, தோக்கியோவின் எகோதா ரயில் நிலையத்தில் கண்டறியப்பட்ட சீட்டு வழங்கும் சாளரம் நல்ல சான்று. பயணிகளின் கைபட்டுத் தேய்ந்து குழிந்திருந்த மேடையின் வளைவுக்கு ஏற்றவாறு ஒட்டுப்பலகையைச் செதுக்கி அதை அடைத்திருந்தனர். மூடுவதற்கே அத்துணை வேலைப்பாடு.

தமிழில் இதனை எவ்வாறு வழங்கலாம்? ‘வீண்கட்டுமானம்’ என்றால் பயனின்மை விளங்கும், பேணுதல் விடுபடும். அன்றியும் இவை கட்டப்பட்ட நாளில் வீணாக இருந்தவை அல்ல. ‘எச்சம்’ என்னும் பழஞ்சொல் இன்னும் நெருங்கி வருகிறது. எஞ்சி நிற்பதையும், முற்றுப்பெறாததையும் அது ஒருங்கே சுட்டும். ‘வந்த’ என்னும் பெயரெச்சம் தன்னை முடிக்க ஒரு பெயரை எதிர்நோக்கி நிற்பதுபோல, யொத்சுயா படிக்கட்டும் ஒரு கதவை எதிர்நோக்கியே நின்றது. இதனோடு பேணுதலையும் சேர்த்துப் ‘பேணெச்சம்’ எனலாம். பேணிய எச்சம், பேணுகின்ற எச்சம், பேணும் எச்சம் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. முன்பும் பேணினர், இன்றும் பேணுகின்றனர் என்ற பொருள் அதனுள் அடங்கிவிடுகிறது. ஜப்பானியப் பெயரையே எழுத விரும்புவோர் ‘டொமாசன்’ என்பதைவிடத் ‘தொமாசொன்’ என்று எழுதுவது மூல ஒலிப்புக்கு நெருக்கமானது. தகரத்தில் தொடங்குவதால் தமிழ் மரபுக்கும் ஒத்தது.

‘எச்சம்’ என்று மட்டும் சுருக்கி எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. சுவரில் எச்சம் இருக்கிறது என்று சொன்னால், கேட்பவர் படிக்கட்டைத் தேடமாட்டார், புறாவைத்தான் தேடுவார்.