வரைபடத்தில் வடக்கு எங்கே?

வெயில் தாங்கவில்லை என்று இந்த ஜனவரியில் மட்டும் நான் பார்க்கப் போன மூன்றாவது வீடு இது. மெல்பர்னுக்கு மேற்கே டார்னீட்டில், சாவி வாங்கி எட்டே மாதம் ஆன புது வீடு. மாலை 6 மணிக்குப் போனேன். பின்பக்கம் ஹால், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றும் சேர்ந்த பெரிய கூடம். அதன் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. திரைக் கம்பியில் இரண்டு போர்வைகளைத் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். போர்வை விலகிய இடத்தில் டைல்ஸின் மேல் வெயில் பட்டையாக விழுந்திருந்தது. அந்த டைல்ஸின் மேல் வெப்பமானியைக் காட்டினேன்: 47 டிகிரி. காலையிலிருந்து ஏசி நிற்கவே இல்லை. பாட்டி தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலை ஒட்டிய நடையில் போய் உட்கார்ந்திருந்தார்.

"கிழக்குப் பார்த்த பிளாக்குக்காகவே நாலு மாசம் காத்திருந்து வாங்கினோம்" என்றார் வீட்டுக்காரர். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். மற்ற இரண்டு வீடுகளும் கிழக்குப் பார்த்தவைதான்.

வாஸ்து பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் நம்பிக்கை, உங்கள் வீடு. நான் சொல்வது வேறு. வாசல் பார்க்கும் திசையை வீடு பார்க்கும் திசை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆஸ்திரேலியாவில் இன்று பில்டர்கள் கட்டும் வீட்டில் இரண்டும் ஒன்றல்ல. பில்டர்கள் மாதிரிக்குக் கட்டிக் காட்டும் டிஸ்ப்ளே ஹோம்களில் பெரும்பாலானவற்றை நினைத்துப் பாருங்கள். தெருப்பக்கம் கராஜ், வாசல், மாஸ்டர் பெட்ரூம். நடுவில் நீளமான நடை. வீட்டில் எல்லோரும் நாள் முழுக்கப் புழங்கும் கூடமும், அதையொட்டிக் கூரை போட்ட திறந்தவெளித் தாழ்வாரமான அல்ஃப்ரெஸ்கோவும் கடைசியில், பின்பக்கம். பெரிய கண்ணாடி அங்கேதான். ஆக, வாசல் கிழக்கே பார்த்தால் உங்கள் வாழ்க்கை மேற்கே பார்க்கிறது. வாசல் வடக்கே பார்த்தால் கூடம் தெற்கே போய்விடும்; இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது, பகலிலும் ஹீட்டர் ஓடும். வாசல் தெற்கே இருந்தால்? கூடம் வடக்கே பார்க்கும். இந்த மாதிரி வரைபடத்துக்கு அதைவிட நல்ல மனை கிடையாது. நம்மவர்கள் முதலில் கழித்துக்கட்டுவதும் அதைத்தான்.

இன்னும் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. ஊரில் வருடத்தின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மெல்பர்னிலும் சிட்னியிலும் நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கேதான். மெல்பர்னில் டிசம்பர் உச்சத்தில் அது 76 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கும். ஜூனில் 29 டிகிரிதான். இந்த வித்தியாசம்தான் நமக்குக் கிடைத்த வரம். சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு, ஊரில் இறவாணம் என்போமே, இங்கே ஈவ்ஸ், அது வெறும் 45 சென்டிமீட்டர் இருந்தால்கூட, டிசம்பர் நண்பகலில் வடக்குச் சன்னலில் ஒன்றே முக்கால் மீட்டருக்கு நிழல் இறங்கும். ஜூனில் அதே ஈவ்ஸ் 25 சென்டிமீட்டர்தான் மறைக்கும்; மிச்ச வெயிலெல்லாம் வீட்டுக்குள் வரும். கோடையில் நிழல், குளிரில் வெயில், இரண்டும் செலவில்லாமல்.

மேற்கில் இந்தக் கணக்கு செல்லாது. ஜனவரி மாலை 6 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கே, 30 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே ஈவ்ஸ் அப்போது கண்ணாடியின் மேல்விளிம்பில் 26 சென்டிமீட்டருக்குத்தான் நிழல் தரும். மிச்சம் இரண்டு மீட்டரும் வெயிலில் நிற்கும். அஸ்தமனத்துக்கு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருக்கும்.

"டபுள் கிளேசிங் போட்டிருக்கிறோமே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இரட்டைக் கண்ணாடி குளிர்காலத்தில் வீட்டுச் சூடு வெளியே போகாமல் பிடித்துக்கொள்ளும். நல்லது, போடுங்கள். ஆனால் சாதாரணத் தெளிந்த இரட்டைக் கண்ணாடி நேர் வெயிலைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும், அப்புறம் அந்தச் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடிக்கு இரண்டு எண் உண்டு. யூ மதிப்பு சூடு கடத்துவதைச் சொல்லும். எஸ்.எச்.ஜி.சி. வெயிலின் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதைச் சொல்லும். விற்பவர் முதல் எண்ணைத்தான் சொல்வார். இரண்டாவதை நீங்கள் கேளுங்கள். மேற்கே அது 0.3 பக்கம் இருக்கட்டும். வடக்கே அவ்வளவு குறைக்காதீர்கள், குளிர்கால வெயிலையும் சேர்த்துத் தடுத்துவிடுவீர்கள். வீடு முழுக்க ஒரே கண்ணாடி என்பது ஆர்டர் போடுபவரின் வசதிக்காக மட்டும்தான்.

"7 ஸ்டார் வீடாயிற்றே?" விக்டோரியாவில் 2024 மே 1 முதல் புது வீட்டுக்கு ஆற்றல் சிக்கனத் தரமாக 7 ஸ்டார் கட்டாயம்; அதற்கு முன்பு 6. நல்ல சட்டம்தான். ஆனால் ஸ்டார் என்பது வீடு முழுமைக்கும், வருடம் முழுமைக்கும் போடும் கணக்கு. மெல்பர்னில் அந்தக் கணக்கில் பெரும்பங்கு குளிர்காலத்துக்குப் போய்விடும். உங்கள் கூடத்தின் ஒரு ஜனவரி மாலை அதில் தனியாகத் தெரியாது. ஸ்டார் கணக்கின் அறிக்கையில் சூடேற்றும் சுமை, குளிரூட்டும் சுமை என்று இரண்டு எண் தனித்தனியாக இருக்கும். ஸ்டாரை விட்டுவிட்டு அந்த இரண்டையும் படியுங்கள். உங்கள் மனையின் திசையை வைத்துக் கணக்குப் போட்ட அறிக்கைதானா என்றும் பாருங்கள்.

டிஸ்ப்ளே ஹோமில் மயங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல வெளிச்சம், உயரமான கூரை, கல் பலகை போட்ட சமையல் மேடை. ஏசி ஓடும், விளக்கெல்லாம் எரியும். நீங்கள் போனது காலை 11 மணிக்கு. கையில் கொடுக்கும் பிரசுரத்தில் சோபா எங்கே, கட்டில் எங்கே என்றுகூடப் போட்டிருப்பார்கள். வடக்கைக் காட்டும் அம்புக்குறி மட்டும் இருக்காது. அதே வரைபடத்தை எல்லாத் திசை மனைக்கும் விற்க வேண்டுமே.

கண்ணாடி வீடு என்ற அழகை இந்த நாட்டுக்குக் காட்டியவர்கள் அதைத் திசை பார்த்துத்தான் கட்டினார்கள். கட்டடக் கலைஞர் கிளென் மர்க்கட் 2002இல் அந்தத் துறையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது வாங்கியவர். நியூ சவுத் வேல்ஸின் தெற்குக் கரையில், பிங்கி பாயின்ட்டில் 1984இல் அவர் முடித்த மேக்னி வீடு ஒரே நீளமாக, கிழக்கு மேற்காகக் கிடக்கும். புழங்கும் அறைகள் எல்லாம் வடக்கைப் பார்க்கும். குளிர்காற்று வரும் தெற்குப் பக்கம் செங்கல் சுவர். வடக்குக் கண்ணாடியின் வெயிலைத் தடுக்கும் பிளைண்டுகளைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தார். அவருக்குப் பின் வந்த பத்திரிகைப் படங்களைப் பார்த்து நம் பில்டர்கள் கண்ணாடியை எடுத்துக்கொண்டார்கள். பிளைண்டையும் திசையையும் விட்டுவிட்டார்கள்.

கூரை நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிட்னிக்கு மேற்கே பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது. அந்தப் பக்கம் இன்றும் தெருத் தெருவாகக் கருங்கூரைதான். கலர்பாண்ட் என்ற உலோகக் கூரைத் தகட்டில் மானுமென்ட் என்ற கருஞ்சாம்பல் நிறம் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கை உறிஞ்சும். வெளிர்நிறமான சர்ஃப்மிஸ்ட் மூன்றில் ஒரு பங்கைத்தான். முகப்புக்குக் கறுப்பு எடுப்பாக இருக்கிறது என்றால் கராஜ் கதவுக்குப் போடுங்கள். தயவுசெய்து கூரைக்கு வேண்டாம்.

சரி, இனி வாங்கப் போகிறவர்களுக்கு. டெபாசிட் கட்டும் முன் மனையின் சர்வே தாளில் வடக்கு அம்புக்குறியைப் பாருங்கள். போன் காந்தமுள்ளை அப்படியே நம்பாதீர்கள்; மெல்பர்னில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 12 டிகிரி கிழக்கே விலகியிருக்கும், போன் எதைக் காட்டுகிறது என்று அமைப்பில் பாருங்கள். வீட்டு வரைபடத்தை அந்தத் தாளின் மேல் வைத்து, கூடம் எந்தப் பக்கம் விழுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். கிழக்கு வாசல்தான் வேண்டுமென்றால் வடக்குப் பக்கம் ஒரு முற்றம் உள்ள வரைபடத்தைத் தேடுங்கள், கூடத்தின் பெரிய கண்ணாடி அந்த முற்றத்தைப் பார்க்கட்டும், மேற்கே சின்னச் சன்னல் போதும். தெருவிலிருந்து வீட்டைப் பார்த்து நின்றால் உங்கள் வலக்கை வடக்கு. அந்தப் பக்கம் முற்றத்துக்கு விட்டு, கராஜ் இடப்பக்கம் இருக்க வேண்டும். வரைபடத்தில் இது மாறி இருந்தால் இடவலம் மாற்றி மிரர் பண்ணச் சொல்லுங்கள். கார் ஏறும் வழியை எஸ்டேட்காரர்கள் முன்பே போட்டிருந்தால் மிரர் முடியாமல் போகலாம், அதையும் மனை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். இதெல்லாம் கான்ட்ராக்ட்டுக்கு முன்பு ஒரு பென்சில் கோடு. கையெழுத்துப் போட்ட பிறகு ஒவ்வொன்றும் ஒரு வேரியேஷன், அதாவது ஒப்பந்த மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். பிரிஸ்பேன்காரர்கள் மெல்பர்ன் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே காற்றோட்டம்தான் முதல் கேள்வி.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் அலுமினியத் தாளைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் சூடேறி இரட்டைக் கண்ணாடி விரிசல் விடலாம். மாற்றிக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். உள்ளே தடித்த திரை போட்டாலும் பாதிப் பலன்தான், சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்திருக்கும். மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும் இரவுகளில் எதிரெதிர்ச் சன்னல்களை முழுக்கத் திறந்துவிடுங்கள்.

டார்னீட் வீட்டில் நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டி நடையிலிருந்து கேட்டார்: "ஏம்மா, வெளியில ஒரு கீத்துத் தட்டி கட்டித் தொங்கவிட்டா ஆகாதா?" ஆகும் பாட்டி, அதேதான் என்றேன். கீற்றுக்குப் பதிலாக அல்ஃப்ரெஸ்கோவின் வெளிவிளிம்பில் துணி பிளைண்டு ஒன்று மாட்டினோம், இரு பக்கமும் காடியில் ஓடும் வகை. அளவெடுத்து வந்து சேர மூன்று வாரம் ஆனது. மதியம் 2 மணிக்கே இறக்கிவிடுங்கள், வெயில் வந்த பிறகு ஓடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாட்டியின் நாற்காலி திரும்பக் கூடத்துக்கு வந்துவிட்டது.