ஐம்பதாயிரம் லூமனும் ஒரு கொலுசுத் தராசும்

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மைத்துனர், பொழுது சாய்ந்தால் வழியில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்துத்தான் நடக்க வேண்டும். அவருக்காகச் சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 450 ரூபாய்க்கு ஒரு டார்ச் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 50,000 லூமன், 2 கிலோமீட்டர் தூரம், 9,900 எம்.ஏ.எச். பேட்டரி என்று போட்டிருந்தது. லூமன் என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு; எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு. அத்தனையும் புளுகு என்று கண்டுபிடிக்க ஒரு தராசும் கைக்கடிகாரமும் போதுமாக இருந்தன.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். உள்ளே இருந்தது 18650 என்ற வகை லித்தியம் செல். பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இவ்வளவு சிறிய உருளைக்குள் நல்ல தயாரிப்பாளர்கள் அடைப்பது 3,500 எம்.ஏ.எச். சுற்றளவில்தான். கூடுதல் மின்சாரத்தைத் தேக்கக் கூடுதல் வேதிப்பொருள் வேண்டும். அதற்கு எடை உண்டு. தரமான செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் தராசில் இதை வைத்தோம். 29 கிராம். "இதைக் கொலுசாகக் கொடுத்திருந்தால் கடைவாசலில் சண்டை வந்திருக்கும்" என்றார்.

பிறகு கடிகாரம். முழுக்கத் தீர்ந்து அணைந்த டார்ச்சைச் சார்ஜ் போட்டேன். கூடவே வந்த சார்ஜர் தருவது 0.5 ஆம்பியர், அதாவது மணிக்கு 500 எம்.ஏ.எச். இரண்டு மணி இருபது நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. அப்படியானால் உள்ளே போனது 1,200க்கு மேல் இருக்க வழியே இல்லை.

இந்த ஓர் எண் கிடைத்ததும் லூமன் கணக்கும் அவிழ்ந்துவிடுகிறது. 1,200 எம்.ஏ.எச்., அதாவது 1.2 ஆம்பியர் மணியை, செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 4.4 வாட் மணி. டார்ச் எரிந்தது ஒன்றரை மணி நேரம்; ஆக, அது சராசரியாக இழுத்தது 3 வாட். இந்த ரக எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 300 லூமன். பெட்டியில் போட்டிருந்த 50,000 உண்மையானால் 500 வாட் வேண்டும். அது வீட்டு மிக்சி இழுக்கிற மின்சாரம்! இந்த பேட்டரி அரை நிமிடத்தில் காலியாகியிருக்கும். அந்த அரை நிமிடமும் கையில் பிடிக்க முடியாத சூடு. காரில் போடும் எச்4 ஹாலஜன் பல்பு, பிரகாசமான நிலையில் தருவது 1,650 லூமன். அப்படி முப்பது பல்புகளின் வெளிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்கிறது பெட்டி.

இவ்வளவு பெரிய புளுகு எப்படி விலைபோகிறது? நம் கண்ணும் உடந்தை. ஒரு வெளிச்சம் இன்னொன்றைப்போல இரட்டிப்பாகத் தோன்ற ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி தேவை. கடையின் மேசை மீது 300 லூமனுக்கும் 1,000 லூமனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தே சொல்லிவிடுவது கடினம்.

தூரக் கணக்கு இன்னும் வேடிக்கை. 2009இல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 தரவிதிப்படி, ஒரு பரப்பில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் (அதை அளக்கும் அலகு) குறையும் இடம்வரைதான் டார்ச்சின் தூரம். அது தெளிந்த வானத்து முழுநிலவு அளவு. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும் என்பதால், 2 கிலோமீட்டருக்கு நடுக்கற்றையில் 10 லட்சம் கேண்டலா (ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவு) வேண்டும். நிலவொளியில் எதிர்ச்சரிவில் நிற்பது எருமையா பாறையா என்று யாரால் சொல்ல முடியும்? முறைப்படி அளந்து போட்ட தூரத்திலும் பாதியைத்தான் நான் நம்புவேன்.

அதே விதியில் விலை உயர்ந்த டார்ச்சுகளும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது. எரியும் நேரம் என்பது, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. 1,000 லூமன், 3 மணி நேரம் என்று போட்டிருந்தால், சூடு தாங்காமல் சில நிமிடங்களில் 300க்கு இறங்கி மீதி நேரம் அப்படியே எரிந்தாலும் அது விதிப்படி சரி.

போன டிசம்பரில் மைத்துனருடன் மலைப்பாதையில் நடந்தபோது மூடுபனி. முகத்துக்கு நேராக டார்ச் பிடித்தேன். எதிரே வெள்ளைச் சுவர். பனித்துளிகள் ஒளியைச் சிதறடித்து என் கண்ணுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. லூமன் கூடியிருந்தால் சுவரும் இன்னும் வெளுத்திருக்கும். "கீழே இறக்கிப் பிடியுங்கள் மாமா" என்றார் மைத்துனர். இடுப்புக்குக் கீழே இறக்கியதும் கற்றை கண்ணின் பார்வைக்கோட்டிலிருந்து விலகியது. சுண்ணாம்படித்த சாலையோரக் கல் ஒன்று, அதற்கப்பால் இன்னொன்று, வளைவு தெரிந்தது.