மீன்தொட்டியில் யாரை யாரோடு விடுவது?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, தந்தையும் எட்டு வயது மகளுமாக இருவர் ஒரு பிளாஸ்டிக் கவரில் கோல்டு ஃபிஷ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். துடுப்புகளை உடலோடு ஒட்டவைத்துக்கொண்டு அது கவரின் மூலையில் கிடந்தது. வாலின் ஓரம் நார் நாராகக் கிழிந்திருந்தது, நடுவே மெல்லிய சிவப்புக் கீற்றுகள். "டாக்டர், மருந்து மட்டும் எழுதிக் கொடுங்கள், வாங்கி ஊற்றிவிடுகிறேன்" என்றார் தந்தை. சென்னையில் அழகுமீன்களின் உடல்நலம் பார்க்கும் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். நான் முதலில் கேட்பது தண்ணீரை.

கவரில் இருந்தது தொட்டித் தண்ணீரேதான் என்பதால் அதிலிருந்து ஐந்து மில்லியைச் சோதனைக் குழாயில் எடுத்து, அம்மோனியா பார்க்கும் திரவத்தைச் சொட்டு விட்டுக் குலுக்கி, மேசைமேல் நிறுத்தினேன். அம்மோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். இது எங்கள் கண்முன்னே வெளிர்ப்பச்சையாகி, ஐந்து நிமிடத்தில் மாவிலை நிறத்துக்கு வந்துவிட்டது. "அப்பா தினமும் தண்ணீர் மாற்றுகிறாரே, பிறகு எப்படி?" என்றாள் சிறுமி. அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது.

தொட்டிக்கு வயது இருபது நாள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்கிட்டால் சுமார் 57 லிட்டர், கல்லும் அலங்காரமும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் நான்கு கோல்டு ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், ஐந்து டைகர் பார்ப், 'தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்' என்று சொல்லி விற்கப்பட்ட சக்கர் மீன் ஒன்று. தந்தை தண்ணீரைத் தினமும் பாதி மாற்றி, ஃபில்டரின் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை கசக்கிப் பிழிந்துவந்திருக்கிறார். அக்கறையில் அவரிடம் ஒரு குறையும் இல்லை.

மீன் தன் உடலின் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போய்விடும். கண்ணாடித் தொட்டியில் போக இடமில்லை. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிரிகள் ஃபில்டர் பஞ்சிலும் கற்களின் மேலும் படலமாகப் படிந்து வாழ்கின்றன. இந்தப் படலம் தொட்டிக்குப் போதுமான அளவு வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழுப்பேறிய, கொஞ்சம் வழவழப்பான அந்தப் பஞ்சைத்தான் நாம் அழுக்கு என்று எண்ணிக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிக் கொன்றுவிடுகிறோம். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே ஒரு வாளியில் ஊற்றி அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும். வாரத்துக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுவது ஏற்கெனவே நிலைபெற்ற தொட்டிக்குப் போதுமானது; மாற்றுகிற தண்ணீரை அகன்ற வாளியிலோ டிரம்மிலோ ஒரு நாள் திறந்துவைத்து, முடிந்தால் ஏர் பம்பு கொண்டு குமிழ் விட்டு, குளோரின் போனபிறகு ஊற்றவேண்டும். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கிச் சொட்டுகளைப் பயன்படுத்தலாம்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. அம்மோனியாவின் நச்சுத்தன்மை அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று, தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதைச் சொல்லும் பிஹெச் மதிப்பையும் வெப்பத்தையும் பொறுத்தது. 28 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 ஆக இருக்கும் தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே தண்ணீரில் பிஹெச் 8 ஆகிவிட்டால் ஆறேழு பங்கு. சென்னையின் பல பகுதிகளில் கிடைக்கும் போர் தண்ணீர் இந்த எட்டை ஒட்டியே இருப்பதால், பிஹெச் தாழ்ந்த, மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் மீன் தாங்கிக்கொள்கிற தவறை இங்கே தாங்காது. வெயில் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். மே மாத மதியத்தில் இரண்டு மணிநேரம் மின்சாரம் நின்றால் நெரிசலான தொட்டி என்னவாகும் என்பதைப் பலர் மாலையில் வீடு திரும்பித்தான் தெரிந்துகொள்கிறார்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றை வீட்டில் வைத்திருப்பது வீண் செலவன்று.

அந்தத் தொட்டியின் மீதிக் கதை அதில் குடியிருந்தவர்களைப் பற்றியது. சிறுமியின் தந்தையிடம், தொட்டியிலிருந்து தள்ளி நின்று பத்து நிமிடம் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அருகில் ஆள் நின்றால் மீன்கள் சோற்றுக்கு ஓடிவருமே தவிர, தம்முடைய உண்மையான குணத்தைக் காட்டா. படத்தில் டைகர் பார்ப்கள் ஒவ்வொன்றாக வந்து கோல்டு ஃபிஷ்ஷின் தொங்கும் வாலைக் கவ்வி இழுத்துவிட்டு ஓடின. ஏஞ்சல்களில் ஒன்றின் நீண்ட நூல் துடுப்பு ஏற்கெனவே பாதி இல்லை. டைகர் பார்ப் கெட்ட மீன் என்று நான் சொல்லமாட்டேன். எட்டுப் பத்துப் பேராக இருந்தால் தமக்குள்ளேயே துரத்திக்கொண்டு திரியும். மூன்று நான்கு ஐந்து என்று வாங்கி, மெதுவாக நீந்துகிற நீள்வால் மீன்களோடு விட்டால் அவற்றின் வாலைத்தான் பிய்க்கும்.

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீரின் மீன். 18 முதல் 24 டிகிரிவரை அதற்கு இதம். அதற்கு மேலும் உயிர்வாழும், ஆனால் திணறிக்கொண்டே வாழும். ஏஞ்சல் அமேசான் படுகையிலிருந்து வந்தது, வெதுவெதுப்பான தண்ணீரை விரும்புவது. இருவரையும் ஒரே தொட்டியில் வைத்தால் யாராவது ஒருவர் எப்போதும் அசௌகரியத்தில் இருப்பார். போதாததற்குக் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது. தின்றுகொண்டே, கழிவை விட்டுக்கொண்டே இருக்கும். நன்றாக வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும். நான்கு கோல்டு ஃபிஷ்ஷை 45 லிட்டரில் வைப்பதைக் கடையில் யாரும் தடுப்பதில்லை, ஏனென்றால் விற்கும்போது அவை சுண்டுவிரல் நீளம்தான்.

சக்கர் மீனுக்கும் இதே கதை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் பெருவிரல் அளவில் நம் வீட்டுக்குள் நுழைந்து, ஒன்றரை அடிவரை வளரும். பாசியைத் தின்பது உண்மையே. மீன் கழிவைத் தின்பதில்லை, மாறாக எல்லோரையும்விட அதிகமாகத் தானே கழிக்கிறது. பசித்த சக்கர் இரவில் கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சுவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். தொட்டி கொள்ளாத அளவுக்கு வளர்ந்ததும் அதை ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விட்டுவிட்டுப் புண்ணியம் செய்ததாக நினைப்பவர்கள் உண்டு. நம் நீர்நிலைகள் பலவற்றில் இது பெருகி, வலையில் சிக்கி வலையைக் கிழித்து, மீனவர்கள் சபிக்கிற மீனாகிவிட்டது அப்படித்தான். வளர்க்க முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், குளத்தில் விடாதீர்கள்.

சேர்த்து வளர்க்க மீன் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைக் கடைசியாகப் பார்க்கும்படி சொல்வேன். முதலில் வாயைப் பார்க்கவேண்டும். ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் நுழையும் என்றால் என்றாவது ஒரு நாள் நுழைந்தே தீரும். சாதுவாகத் தெரியும் ஏஞ்சல் பெரிதானதும் நியான் டெட்ரா என்னும் சிறு மீன்களின் எண்ணிக்கை இரவுக்கு ஒன்றாகக் குறைவதன் காரணம் இதுதான். பிறகு, நம் வீட்டுத் தண்ணீர் எந்த மீனுக்கு ஒத்துவரும் என்பதைப் பார்க்கவேண்டும். கடினமான போர் தண்ணீரில் கப்பி, மோலி, பிளாட்டி, சுவார்டு டெயில் ஆகியவை உற்சாகமாக வாழும். கொளத்தூர் வட்டாரத்தில் அழகுமீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இங்குள்ள தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீன்களைத் தருகின்றன. அவற்றை வாங்குவது பாதிப் போராட்டத்தைக் குறைத்துவிடும். மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீரைக் கேட்கிற டிஸ்கஸை முதல் மீனாக வாங்கவே வேண்டாம்.

ஃபைட்டர் மீனைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் சிறு கண்ணாடிக் குவளையே போதும் என்பது ஒன்று. காற்றைச் சுவாசிப்பதால் அம்மோனியா அதைச் சுடாமல் விட்டுவிடாது. ஆணோடு ஆணை விடாமல் இருந்தால் போதும், மற்ற எதனோடும் விடலாம் என்பது இன்னொன்று. பளபளக்கும் அகன்ற வாலோடு வரும் ஆண் கப்பியை அது இன்னொரு ஃபைட்டராகவே பார்க்கும். ஆஸ்கரும் ஃப்ளவர்ஹார்னும் தனிக்குடித்தனம் செய்யப் பிறந்தவை. வாஸ்துவுக்காக வாங்கப்படும் அரோவானா மூன்றடிவரை வளரக்கூடியது. அது இறந்தால், வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்பார்கள். நான் சோதித்துப் பார்த்தவரை அந்தக் கண்டத்தின் பெயர் பெரும்பாலும் அம்மோனியா.

தீவனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, வாரத்தில் ஒரு நாள் பட்டினி.

புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிப்பதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்குக் குரல் சற்று உயரும், ஏனென்றால் அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஆறு மீன்களை வாங்கி அன்றே என் மூன்றடித் தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்றின் துடுப்பில் உப்புத்தூள் ஒட்டியதுபோல் மூன்று வெண்புள்ளிகள். பத்து நாளில் இருபத்து மூன்று மீன்களில் பதினேழைப் புதைத்தேன். வெண்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதை எட்டாது. முதிர்ந்து உதிர்ந்து, அடித்தளக் கற்களில் கூடுகட்டி நூற்றுக்கணக்காகப் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்துகிற அந்தச் சிறிய இடைவெளியில் மட்டுமே மருந்து அதைக் கொல்லும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் ஒரு வாரத்தில் மீண்டும் வருவது இதனால்தான். 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, பெரிய தொட்டியில் முன்கூட்டியே ஊறவைத்த ஒரு பஞ்சு ஃபில்டர், தனி வலை, மூன்று வாரப் பொறுமை: இவ்வளவுதான் தேவை. கடைக் கவரில் உள்ள தண்ணீரை உங்கள் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம்.

மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் வழக்கம் பெருகிவருகிறது. அது நோயைத் தீர்க்கிறதோ இல்லையோ, ஃபில்டரில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளையும் பாதித்து, நோயோடு அம்மோனியாவையும் சேர்த்துவிடக்கூடும். வாயோரத்தில் பஞ்சுபோல் வெள்ளை படிந்தால் எல்லோரும் பூஞ்சை என்கிறார்கள். பல நேரம் அது காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய், தண்ணீரைச் சூடாக்கினால் இன்னும் வேகமாகப் பரவும். வெண்புள்ளிக்கோ வெப்பத்தைச் சற்றுக் கூட்டுவது உதவும். எது என்று தெரியாமல் எதையும் ஊற்றாமல் இருப்பதே மேல்.

அந்தக் குடும்பத்துக்கு அன்று நான் மருந்து எழுதவில்லை. தீவனத்தை நிறுத்தி, குளோரின் போன தண்ணீரால் தினமும் கால்வாசி மட்டும் மாற்றி, பஞ்சைத் தொடாமல் விடச் சொன்னேன். என் தொட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, ஈரம் காயாமல் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். பார்ப்களும் ஏஞ்சல்களும் சக்கரும் கடைக்குத் திரும்பின. கொண்டுவந்த கோல்டு ஃபிஷ் நான்காம் நாள் இறந்துவிட்டது. மற்ற மூன்றும் பிழைத்து, திண்டிவனத்தில் பாட்டி வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்குக் குடிபோயின.

ஆறாவது வாரம் கைபேசிக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் சிறுமியின் விரல்களுக்கு இடையே ஒரு சோதனைக் குழாய், உள்ளே எலுமிச்சை மஞ்சள். மற்றதில் சமையலறைத் திண்ணையோரம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் ஆறு பிளாட்டிகள், தொட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் எழுதிய தேதியும் 'இருபத்தொரு நாள்' என்ற சொல்லும்.