பீருக்கு ஒரு நாற்றங்கால்

நேரடியாக நெல் விதைத்த வயலில் பயிரும் களையும் ஒரே நாளில்தான் முளைக்கும். எது முந்தும் என்று சொல்ல முடியாது. நாற்றங்காலில் வளர்த்துப் பறித்து நட்டால் பயிர் ஒரு சாண் உயரத்தோடு வயலில் இறங்கும், களை பின்தங்கிவிடும். பீருக்கு ஈஸ்ட் ஸ்டார்ட்டர் தயாரிப்பதும், அதாவது நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டை ஒரு குடுவையில் முன்கூட்டியே பெருக்கிக்கொள்வதும், இந்த நாற்றங்கால் வேலைதான்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தெடுக்கும் இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றினால் அது பீர். ஆனால் அதே சாறு லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கும் காட்டு ஈஸ்டுக்கும் விருந்துதான். நாம் விடும் ஈஸ்ட் எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் அவை உள்ளே புகுந்துவிடும்.

எவ்வளவு ஈஸ்ட் வேண்டும்? ஏல் வகைப் பீருக்கு, ஒரு மில்லிலிட்டர் வோர்ட்டில், ஒவ்வொரு பிளேட்டோ டிகிரி அடர்த்திக்கும் (வோர்ட்டில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவைச் சொல்லும் அலகு இது) 7.5 லட்சம் செல்கள் என்பது பொதுவான கணக்கு. குளிரில் நொதிக்கும் லாகருக்கு இதைப்போல் இரண்டு மடங்கு. வீட்டில் தயாரிப்பவர்கள் வழக்கமாக ஒரு முறைக்கு 20 லிட்டர் எடுப்பார்கள். 12 டிகிரி வோர்ட் என்றால் ஏலுக்கு 18,000 கோடி செல்கள் தேவை. கடையில் கிடைக்கும் திரவ ஈஸ்ட் பொட்டலம் ஒன்றில் புதிதாக இருக்கும்போது சுமார் 10,000 கோடி இருக்கும். குளிர்பெட்டியில் வைத்திருந்தாலும் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செத்துவிடும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் பாதிதான் உயிரோடு இருக்கும்.

எண்ணிக்கை குறைந்தால் என்ன, ஈஸ்ட் தானே பெருகிக்கொள்ளாதா? பெருகும். சிக்கலே அந்தப் பெருக்கத்தில்தான் இருக்கிறது. ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகும் உயிர். தாய் செல்லின் ஓரத்தில் ஒரு சிறு புடைப்பு கிளம்பி, வளர்ந்து, பிரிந்து போகும். தாயின் மேல் ஒரு தழும்பு மிஞ்சும். பிரியும்போது மகளுக்கும் செல் சவ்வு வேண்டும். அந்தச் சவ்வு நெகிழ்வாக இருக்க எர்கோஸ்டெரால் என்ற ஸ்டெரால் வகைக் கொழுப்பும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் தேவை. இவற்றை உண்டாக்க ஈஸ்டுக்கு ஆக்சிஜன் கட்டாயம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் தாய் தன் கையிருப்பைத்தான் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் பங்கு பாதியாகும். நாலைந்து தலைமுறையில் சவ்வு தாங்காத நிலை வந்துவிடும். பெருக்கம் நின்றுபோகும், ஆல்கஹாலைத் தாங்கும் சக்தியும் போய்விடும், சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நொதித்தல் படுத்துவிடும்.

காற்றைக் கலக்கினாலும் வோர்ட்டில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அதன்பின் வோர்ட்டுக்குள் மேலும் காற்று போனால் பீரின் சுவை கெடும். அதனால் பெருக்க வேண்டியதைத் தனியாக, காற்றோட்டமாக, முன்கூட்டியே பெருக்கிவிடுகிறோம். 5,000 கோடி செல்களோடு தொடங்கினாலும், இரண்டு முறை இரட்டித்தால் 20,000 கோடி. நாற்றங்காலிடம் நாம் கேட்பது அவ்வளவுதான்.

செய்முறை எளிது. 100 கிராம் உலர் மால்ட் சாரத்தை (முளைகட்டிய பார்லிச் சாற்றை உலர்த்திய தூள்) ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து 15 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குறுகிய கழுத்துள்ள கூம்புக் குடுவையில் கொதிக்கவைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் பொங்கி அடுப்பை நாசமாக்கும். பாத்திரத்தில் காய்ச்சி ஊற்றுவதே நல்லது. 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறியபின் ஈஸ்ட்டை விட்டு, உள்ளே போட்ட காந்தத் துண்டைச் சுழற்றிக் கலக்கும் காந்தக் கலக்கித் தட்டில் வைக்கலாம். பழைய கணினி விசிறியில் காந்தம் ஒட்டி இந்தத் தட்டைச் செய்துகொள்பவர்கள் உண்டு. வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் போதும். வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றடைப்பான் போடக் கூடாது, காற்றுதானே வேண்டும். கிருமிகள் தூசியோடு மேலிருந்துதான் விழும். தாளின் விளிம்புக்குக் கீழே சென்று, பிறகு மேலே ஏறி உள்ளே வராது.

வெறும் சர்க்கரைத் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். அதில் ஈஸ்ட் புரதம் கட்டுவதற்கான நைட்ரஜன் கிடையாது. மால்ட்டில் உண்டு.

கலக்கிக்கொண்டே இருந்தால் ஈஸ்ட் ஆல்கஹால் உண்டாக்காமல் சுவாசிக்க மட்டுமே செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சர்க்கரை மிகுந்த இடத்தில், எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் இந்த ஈஸ்ட் ஆல்கஹாலைத்தான் உண்டாக்கும். கிராப்ட்ரீ விளைவு என்பது இதுதான். ஈஸ்ட் ஆலைகள் சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி இதைத் தவிர்க்கின்றன. அப்படி வளர்த்து உலர்த்திய ஈஸ்டில் ஸ்டெரால் கையிருப்பு நிறைய இருக்கும். உலர் ஈஸ்ட் வாங்குபவர்களுக்கு நாற்றங்கால் தேவையே இல்லை.

முதலில் குடுவைக்குள் இருப்பது பால் விடாத டிகாக்‌ஷன் போலத் தெளிவான பழுப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் பால் கலந்த காபி நிறம். பால் இல்லை, அத்தனையும் செல்கள். ஒரு சொட்டில் மெத்திலீன் நீலம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், உயிருள்ளவை சாயத்தை நிறமற்றதாக்கிவிடும். செத்தவை மட்டும் நீலமாக நிற்கும். சிலதன் ஓரத்தில் மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

ஒரே ஒரு செல்லிலிருந்தும் இப்படி வளர்க்கலாம் என்று காட்டியவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், 1883இல், ஈஸ்ட்டை நீர்த்து நீர்த்து, தனி செல்லைப் பிரித்து, அதன் வம்சத்தை மட்டும் பெருக்கினார். பீர் கெட்டுப்போவதற்குக் காட்டு ஈஸ்டும் காரணம் என்பது அப்போது உறுதியானது. அந்தத் தூய ஈஸ்ட்டைக் கார்ல்ஸ்பெர்க் மற்ற ஆலைகளுக்கும் தாராளமாகக் கொடுத்தது. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கொடைகளில் அது ஒன்று.

24 முதல் 36 மணி நேரத்தில் வளர்ச்சி முடியும். குடுவையை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால், அரிசி களைந்த தண்ணீரின் அடியில் மாவு படிவது போல ஈஸ்ட் வெளிர் சந்தன நிறத்தில் படியும். மேலே நிற்கும் திரவம் காற்றுப் பட்டுச் சுவை கெட்டது, அதைக் கொட்டிவிடலாம். அடியில் உள்ளதைக் கலக்கி வோர்ட்டில் விட வேண்டும். அனுபவசாலிகள் கொஞ்சம் கூடுதலாகவே வளர்த்து, ஒரு பங்கைச் சுத்தமான குப்பியில் ஊற்றித் தேதி எழுதி குளிர்பெட்டியில் வைப்பார்கள். அடுத்த நடவுக்கான விதை அது.