ஸ்வெட்ஷாப்: வியர்வைக் கடை அல்ல

வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் 'ஸ்வெட்ஷாப்' (sweatshop) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க 'வியர்வைக் கடை'யைத் திறந்துவிடுகிறார்கள். விஷயம் தெரியாதவர் படித்தால் நீராவிக் குளியல் நடத்தும் இடம் என்று நினைப்பார்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டு லண்டன் தையல் தொழிலில் 'ஸ்வெட்டர்' என்றால் இடைத்தரகர் (குளிருக்குப் போடுவது வேறு). பெரிய கடையிலிருந்து மொத்தமாக வேலை எடுப்பார். இருட்டறையில் ஏழைகளை உட்காரவைத்துத் தைக்கச் சொல்வார். கூலியில் பெரும்பங்கை அமுக்கிக்கொள்வார். 1888இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இந்த முறையை விசாரிக்கக் குழுவே அமைத்தது. அப்படி வேலை வாங்கிய பட்டறைதான் ஸ்வெட்ஷாப்.

ஆக, இங்கே 'ஷாப்' என்பது பட்டறை. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு 'வேலைக்கடையில் விட்டேன்' என்றா சொல்கிறோம்? டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்துக் கடைகளும் வங்கியும் மூடிக்கொண்டன. மேல்தளங்களின் தையல் ஆலைகளோ மறுநாள் ஆட்களை உள்ளே அழைத்தன. வராவிட்டால் சம்பளம் கிடையாது என்ற மிரட்டலோடு. கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். கடைக்கும் பட்டறைக்கும் உள்ள வேறுபாடு அங்கே உயிர் வேறுபாடு.

கடையை விடுங்கள், 'வியர்வை'தான் பெரிய தொல்லை. தமிழில் வியர்வை மரியாதையான சொல். 'வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு' என்று பெருமையாகச் சொல்வோம். அதில் உழைப்பவர் மட்டுமே தெரிகிறார். ஆங்கிலச் சொல்லிலோ ஒருவர் இன்னொருவரை வியர்க்க வைக்கிறார். வைப்பவரை மறைத்துவிட்டால் சொல்லின் பாதி போயிற்று. அவர்தானே முக்கியம்! இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டன் ராணா பிளாசாவோடு தனக்குத் தொடர்பே இல்லை என்றுதான் முதலில் சொன்னது, பிறகு ஒப்புக்கொண்டது. உள்ஒப்பந்தம் (எடுத்த வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றுவது) ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டால் பொறுப்பை இப்படிக் கைகழுவ வசதி.

'குறைகூலிக் கூடம்' என்று ஒரு மாற்றுச் சொல்லும் உலவுகிறது. தமிழ் சுத்தம்தான், பொருள் குறை. நேரம் காலமில்லாத வேலை, பூட்டிய கதவு, விரிசல் விட்ட தூண் எதுவும் அதில் இல்லை. கூலியை மட்டும் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

நம்மிடம் வினை தயாராக இருக்கிறது: கசக்கிப் பிழிதல். 'ஆளைச் சக்கையாகப் பிழிகிறான்' என்றால் விளக்கம் தேவையில்லை. பிழிபவனும் உள்ளே நிற்கிறான். ஆகவே 'பிழிபட்டறை'. சுடுகாடு, குடிநீர் போல வினைத்தொகை. யாராவது 'பிழிபட்ட அறை' என்று பிரித்துப் படித்தாலும் நஷ்டமில்லை.

அப்புறம், 'மலிவு உழைப்பு நாடுகள்'. பொருளாதாரப் பக்க மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது இல்லாமல் கை ஓடாது. ராணா பிளாசா இடிந்தபோது வங்கதேச ஆடைத் தொழிலில் குறைந்தபட்சக் கூலி மாதம் 3,000 டக்கா (அந்நாட்டு நாணயம்). அந்த ஆண்டு முடிவதற்குள் அது 5,300 ஆனது. தைத்த கை அதே கை, தைத்த சட்டையும் அதே சட்டை. மலிவு உழைப்பில் இல்லை, கொடுத்த கூலியில்தான். ஆகவே 'குறைகூலி நாடுகள்' என்று எழுதலாம். 'குறைகூலி' பொருந்தும் இடம் இதுதான்.