மேடையில் இரண்டு நிமிஷம், வரிசையில் மூன்று மணி நேரம்

ஆகஸ்ட் 15 நெருங்கினால் வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் எந்த வீட்டிலும் இதே பேச்சுதான்: "பிள்ளைக்கு ஃபேன்சி டிரஸ், பாரதியார் வேஷம், எங்கே வாடகைக்குக் கிடைக்கும்?" வாடகை உடுப்பு போட்டோவுக்கு நன்றாக வரும். ஆனால் குழந்தை மேடையில் நிற்பது இரண்டு நிமிஷம். அதற்கு முன் மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்து, வியர்த்து, தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய் வர வேண்டும். வீட்டில் தைக்கும்போது நீங்கள் யோசிக்க வேண்டியது அந்த மூன்று மணி நேரத்தைத்தான்.

வாடகை உடுப்பு பெரும்பாலும் பாலியஸ்டர் சாட்டின். வியர்வையை உறிஞ்சாது, கழுத்திலும் அக்குளிலும் அறுக்கும். குத்துவிளக்குப் பக்கத்தில் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும்தான், ஆனால் அப்படி ஒட்டாது. எந்தத் துணியானாலும் தொங்கும் நுனியை விளக்கருகே விடாதீர்கள். வாடகை விக் வேண்டவே வேண்டாம். முந்தின நாள் அது வேறொரு தலையில் இருந்தது, பேனுக்கு அதுவே போதும்.

பாரதி வேஷத்தில் சொதப்புவது முண்டாசு. காலையில் அவசரமாகத் தலையிலேயே சுற்றினால் பிரேயர் முடிவதற்குள் அவிழும். முந்தின நாளே தைத்து, தொப்பி மாதிரி மாட்டும்படி செய்யுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் தலைச் சுற்று சுமார் 51 செ.மீ. இருக்கும், இருந்தாலும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 16 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்தால் ஏறக்குறைய அதே சுற்று கிடைக்கும். அதன்மேல் பழைய காட்டன் தொப்பியை மாட்டுங்கள். இரண்டரை மீட்டர் வெள்ளை மல்துணியை முதலில் நனைத்துக் காயவைத்து (இல்லாவிட்டால் பிறகு சுருங்கும்), நெடுக்கே பாதியாகக் கிழியுங்கள். மல் நேராகவே கிழியும். ஒரு பாதியை லேசாக முறுக்கி, நான்கு சுற்று சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையலாகத் தொப்பியோடு பிடியுங்கள். இறுக்கிச் சுற்றினால் தொப்பியும் சேர்ந்து சுருங்கும், அரை மணியில் தலை வலிக்கிறது என்று பிள்ளை கழற்றிவிடும். வால் விட்டால் அரை முழத்துக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்கிற பிள்ளை இழுக்கும். மீதிப் பாதித் துணி மேல்துண்டுக்கு ஆச்சு.

கறுப்புக் கோட்டுக்கு அப்பாவின் பழைய கறுப்புச் சட்டை போதும். சட்டையை உள்பக்கம் திருப்பி விரித்து, மேலே பிள்ளையின் யூனிஃபார்ம் சட்டையை வைத்து, இரண்டு பக்கமும் கைக்கு அடியிலும் ஒன்றரை அங்குலம் தள்ளி சாக்பீஸால் கோடு போட்டுத் தையுங்கள். அக்குள் வளைவை மட்டும் இறக்கியே விடுங்கள். அங்கே ஒட்டிப் பிடித்தால் கை தூக்கி வசனம் சொல்லும்போது சட்டை மொத்தமும் மேலே ஏறும். மிஷின் இல்லாவிட்டால் கையால் பின்தையல் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்துவது) போடுங்கள், ஒரு நாளுக்குத் தாங்கும்.

மீசையை ஒட்டாதீர்கள். ஐப்ரோ பென்சிலால் வரையுங்கள். அதையும் முந்தின நாள் உள்ளங்கைக்கு மேலே மணிக்கட்டில் தடவிப் பாருங்கள், அரித்தால் விட்டுவிடலாம். போஸ்டர் கலர், அக்ரிலிக், கிராஃப்ட் கிளிட்டர் எதுவும் முகத்துக்கு இல்லை. கிளிட்டர் கண்ணில் விழுந்தால் உறுத்தும், கசக்கினால் கண்ணைக் கீறும்.

அவசரத்தில் சூப்பர் குளூவை எடுக்கும் பழக்கம் ஆபத்து. அது பருத்தியில் பட்டதும் சட்டென்று சூடேறும், தோலைச் சுடும் அளவுக்கு. குழந்தை உடுப்பைப் போட்டிருக்கும்போது அதன்மேல் எதையும் ஒட்டவே கூடாது.

கேரட், கத்திரிக்காய் வேஷங்களுக்குச் சார்ட் பேப்பர் வாங்காதீர்கள், சென்னை வியர்வையில் தொய்ந்து கிழியும். ஃபோம் ஷீட்டில் முன்பலகை, பின்பலகை வெட்டித் தோளில் துணிப்பட்டையால் மாட்டினால் போதும். நீளம் முட்டிக்கு மேலேயே நிற்கட்டும், மேடைப் படி ஏற வேண்டும். கழுத்தில் கட்டுகிற எதற்கும் முடிச்சு வேண்டாம், வெல்க்ரோ வையுங்கள், இழுத்தால் கழன்றுவிடும். அட்டைக் கிரீடமா? பெட்டி அட்டைக்குள் நெளிநெளியாகத் தெரியும் வரிகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டினால் வளையும், குறுக்கே வெட்டினால் மடிந்து உடையும்.

துணிக்கு கோடவுன் தெருவும் எம்.சி. ரோடும், பேப்பருக்கு ஆண்டர்சன் தெருவும் இருக்கின்றன. ஆனால் முதலில் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்.

முந்தின நாள் மாலை முழு உடுப்பையும் போட்டு, பிள்ளையைச் சம்மணம் போட்டு உட்கார வையுங்கள், மாடிப்படி ஏற்றுங்கள், பாத்ரூம் அனுப்புங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே அன்றிரவே பிரித்துத் தைத்துவிடலாம். விழா முடிந்ததும் கோட்டைத் துவைத்துக்கொள்ளுங்கள், முண்டாசைப் பிரிக்காமல் நிழலில் காயவைத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளுக்கு மறுபடி கேட்பார்கள்.