பல்ப், கூழ், சாணித்தாள்: ஒரு சொல் விளக்கம்

கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம், சித்தூர் வரை நீளும் ஆந்திர எல்லைப்புறத்தில் ‘பல்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாம்பழம்தான். தோத்தாபுரி, அல்போன்சா ஆகிய பழங்களின் சதையைப் பிரித்தெடுத்துப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகள் எல்லையின் இரு பக்கமும் உள்ளன. அவற்றைப் பேச்சில் ‘பல்ப் ஃபேக்டரி’ என்கிறோம். செய்தித்தாள்கள் ‘மாங்கூழ்த் தொழிற்சாலை’ என்று எழுதுகின்றன. தெலுங்கு பேசுவோர் அந்தச் சதையை ‘மாமிடி குஜ்ஜு’ என்பார்கள். இதே சொல் மலிவு இதழ்களில் வந்த விறுவிறுப்பான ஒரு கதைவகைக்கும், அக்கதைகளிலிருந்து எடுக்கப்படும் அறிவியல் புனைவுப் படங்களுக்கும் பெயராக வரும்போது நம் வாசகர்களிடையே ஏற்படும் மயக்கத்தைத் தீர்ப்பதே இக்குறிப்பின் நோக்கம்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் ‘புல்ப்பா’. சதைப்பற்று, பழத்தின் உட்சதை என்பது அதன் பொருள். ஆகவே மாங்கூழைக் குறிக்கும் எல்லைப்புற வழக்கு, அச்சொல்லின் மிகப் பழைய பொருளுக்கு மிக நெருக்கமானது. பழச்சதையைப் போல நசுக்கிக் குழைத்த எந்தப் பொருளுக்கும் அச்சொல் பிற்காலத்தில் பொதுவாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கந்தல் துணிக்குப் பதிலாக மரத்தை அரைத்துக் காகிதம் செய்யும் முறை பரவியபோது, அந்த மரக்கூழும் அதே பெயரைப் பெற்றது. அரைத்த மரத்தில் லிக்னின் என்னும் பொருள் அப்படியே தங்கிவிடுவதால் அவ்வகைத் தாள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறி நொறுங்கிவிடும். ஆனால் அதன் விலை மிகக் குறைவு.

அந்த விலைதான் ஓர் இலக்கிய வகைக்கு வழி திறந்தது. அமெரிக்கப் பதிப்பாளர் ஃபிராங்க் மன்சி 1896இல் தம் ‘ஆர்கசி’ இதழை மலிவான மரக்கூழ்த் தாளில், முழுக்க முழுக்கப் புனைகதைகளுடன் வெளியிட்டார். ஏறத்தாழ 10 அங்குல உயரமும் 7 அங்குல அகலமும் கொண்டு, ஓரம் சீராக வெட்டப்படாமல், 10 சென்ட்டுக்கு விற்ற அவ்விதழைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான இதழ்கள் தோன்றின. உயர்விலை இதழ்கள் வழவழப்பான தாளில் வந்ததால் அவற்றுக்கு ‘ஸ்லிக்’ என்றும், இவற்றுக்குப் ‘பல்ப்’ என்றும் பெயர் வழங்கிற்று. இரண்டுமே தாளின் பெயர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் தொடக்கத்தில் கதையின் தரம் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. தாளின் மேலிருந்த இளக்காரம் மெல்லமெல்லக் கதையின் மேலும், கதையை எழுதியவர் மேலும், படித்தவர் மேலும் படிந்தது. இன்று அச்சொல்லை வசையாகப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அந்தத் தாளைத் தொட்டே பார்த்திராதவர்கள்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பர்ரோஸ் 1912 பிப்ரவரி முதல் ஜூலை வரை ‘ஆல்-ஸ்டோரி’ இதழில் எழுதிய செவ்வாய்க் கிரகத் தொடர், இவ்வகையின் மூல நூல்களுள் ஒன்று. அதற்கு அவர் பெற்ற ஊதியம் 400 டாலர். இத்தகைய கதையை எழுதியவனைப் பித்தன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கத்தில், தெளிந்த புத்தியுடையவன் என்று பொருள்படும் ‘நார்மல் பீன்’ என்ற புனைபெயரை அவர் தந்தார். இதழில் அது எழுத்துப்பிழையாக ‘நார்மன் பீன்’ என்று அச்சாயிற்று. 1917இல் அத்தொடர் நூலாக வந்தது. அறிவியல் புனைவுக்கென்றே தனி இதழை ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில்தான் தொடங்கினார் என்பதை நினைத்தால், பர்ரோஸின் தொடர் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

அந்தக் கதை நூறாண்டு கழித்து, 2012 மார்ச்சில், ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கத்தில் டிஸ்னி நிறுவனத்தின் ‘ஜான் கார்ட்டர்’ என்ற படமாக வெளிவந்தது. ஏறத்தாழ 25 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் சுமார் 28 கோடி டாலர் வசூலித்தும், விளம்பரச் செலவும் திரையரங்குப் பங்கும் போக, நிறுவனம் சுமார் 20 கோடி டாலர் இழப்பை அறிவிக்க நேர்ந்தது. அப்படத்தைப் பற்றிய ரசிகர் கருத்துகளை ஊன்றிப் படிப்பவர், ‘பல்ப்’ என்ற ஒரே சொல் நேரெதிரான இரண்டு குற்றச்சாட்டுகளுக்குப் பயன்படுவதைக் காண்பார்.

பர்ரோஸை அறியாத பார்வையாளர்கள், ஏற்கெனவே பார்த்த விண்வெளிப் படங்களின் நகல் இது என்றும், வெறும் பல்ப் என்றும் ஒதுக்கினார்கள். அவர்கள் நினைத்த படங்களுக்கெல்லாம் இக்கதைதான் பாட்டன் என்று பழைய வாசகர்கள் மறுமொழி கூறினார்கள். ‘அவதார்’ எடுத்த ஜேம்ஸ் கேமரூன் பர்ரோஸின் கதைகளிலிருந்து தாம் பெற்ற ஊக்கத்தை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். படத்துக்கு முதலில் வைத்திருந்த தலைப்பிலிருந்து செவ்வாயின் பெயரை நீக்கியதும், நூறாண்டுப் பழமையை விளம்பரங்களில் எடுத்துச்சொல்லாததும் அவ்வாசகர்களை மிகவும் வருத்தின. மூல நூலில் ஊன்றியவர்களின் குறை வேறு: படம் போதிய அளவு பல்ப்பாக இல்லை என்பது. நூலின் நாயகன் கார்ட்டர் தன் குழந்தைப் பருவத்தையே நினைவில் வைத்திராத, தயக்கமற்ற வீரன். படத்தின் கார்ட்டர் மனைவியையும் மகளையும் இழந்து துயரில் உழல்பவன். நூலில் அவன் வானில் சிவந்து தெரியும் செவ்வாயை நோக்கிக் கைகளை நீட்டி ஏங்குகிறான். மறுகணம் அங்கே இருக்கிறான். படமோ அப்பயணத்துக்கு ஒரு பதக்கத்தையும், அதன் பின்னால் இரண்டாம் நூலில்தான் வரும் தெர்ன்கள் என்னும் இனத்தாரின் சூழ்ச்சியையும் காரணமாகக் கட்டுகிறது. மூன்றாவது தரப்பினர் இவற்றை எல்லாம் பொருட்படுத்தாமல், நாயகனை விட்டுப் பிரியாத வூலா என்னும் விலங்கையும் செவ்வாயின் வெளிகளையும் நேசித்து, அடுத்த பாகம் வேண்டும் என்று படம் தோற்ற பின்னும் இயக்கம் நடத்தினார்கள். என் கணிப்பில் மூலநூல் வாசகர்களின் குறையே வலுவானது. விளக்கம் கேட்டு நிற்காமல் வாசகனை இழுத்துச் செல்லும் வேகமே அக்கதைவகையின் கலை. அதற்குக் காரணங்களைச் சுமத்தினால் நடை தளர்ந்துவிடும்.

இந்த வாதங்களைத் தமிழில் எழுதும்போது முதல் இடர் எழுத்திலேயே வருகிறது. நம் எழுத்து முறையில் பகரத்தின் வல்லொலிக்கும் (p) மெல்லொலிக்கும் (b) வேறு வேறு வடிவம் இல்லாததால், ‘பல்ப்’ என்பதை வாசகர் மின்விளக்கு என்றே படிப்பார். ‘பல்பு வாங்கினான்’ என்றால் அவமானப்பட்டான் என்பது பேச்சுவழக்கு. ஆதலால் ‘இது ஒரு பல்ப் படம்’ என்ற தொடர், எழுதியவர் எண்ணாத தோல்விப் பொருளையே தந்துவிடுகிறது. தமிழ்ச் சொல் தேவைப்படுவது இதனால்தான்.

சிலர் ‘கூழ்ப் புனைவு’ என்று நேர்ப்பெயர்ப்பு செய்கிறார்கள். பொருளைப் பெயர்த்து மதிப்பை விட்டுவிட்ட சொல் அது. கூழ் என்பது தமிழில் இழிவுக்குரியதன்று. மக்கள் சிறுகை அளாவிய கூழை அமிழ்தினும் இனிது என்கிறது குறள். படை, குடி, கூழ் என்று அரசின் உறுப்புகளை எண்ணும் இன்னொரு குறளில் அது நாட்டின் வளத்தையே குறிக்கிறது. அதன் இனச்சொல்லான ‘கூடு’ தெலுங்கில் சோற்றைக் குறிக்கும். கேழ்வரகுக் கூழையும் களியையும் அன்றாடம் உண்ணும் இப்பகுதியில் ‘கூழ்ப் புனைவு’ என்றால் உணவுக் குறிப்பு என்றே எண்ணத் தோன்றும். மாங்கூழ், மரக்கூழ், காகிதக்கூழ் ஆகிய பொருட்பெயர்களில் கூழ் செம்மையாகப் பொருந்துகிறது. அங்கேயே அது நிற்கட்டும்.

‘மாத நாவல்’, ‘பாக்கெட் நாவல்’ என்பவை வெளியீட்டின் கால அளவையும் வடிவ அளவையும் சொல்பவை. ‘வணிக எழுத்து’ என்பது விமரிசகரின் சொல். வழவழத் தாளில் வரும் கதையும் வணிக எழுத்தாகலாம். தெலுங்கில் மாந்திரீகத் தொடர்கதைகளைக் கண்டித்தவர்கள் ‘க்ஷுத்ர சாகித்யம்’ என்றார்கள். கீழானது என்ற பொருளும் ஏவல், சூனியம் என்ற பொருளும் ஒன்றாக அமைந்த கூர்மையான சொல் அது. எனினும் அது கண்டனத்துக்கே உரியது. செவ்வாய்க் கிரக வீரனுக்குப் பொருந்தாது. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இவ்வகைத் தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது ‘பல்ப்’ என்ற சொல்லையே தலைப்பில் வைத்தது. ஆங்கில வாசகருக்கு அது பொருத்தம். தமிழில் அக்கதைகளைப் படித்தவர்களோ அப்பெயரால் அவற்றை அழைத்ததில்லை.

நம்மிடம் ‘சாணித்தாள்’ என்ற சொல் இருக்கிறது. பழுப்பு நிறமும் சொரசொரப்பும் கொண்ட மலிவுத் தாளை அச்சகத்தாரும் கடைக்காரரும் மாணவரும் நெடுநாளாக அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆங்கிலச் சொல் தாளின் மூலப்பொருளால் பெயரிட்டது. நம் சொல் நிறத்தால் பெயரிட்டது. இரண்டும் தாளின் பெயர்களே. நம் சொல்லிலும் ஒரு மெல்லிய இளக்காரம் உண்டு. மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள் சொல்லும்போது அதிலேயே உரிமையும் அன்பும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் இந்த இரட்டை மதிப்பை வேறெந்தத் தமிழ்ச் சொல்லும் இவ்வளவு இயல்பாகத் தாங்கவில்லை. ‘மரக்கூழ்ப் புனைவு’ என்பதைவிட இது பிழையற்றதும்கூட. நம் நாட்டில் தாள் மரத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கரூர் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கப்பட்டது.

ஆகவே 1896 முதல் 1950கள் வரை வந்த அமெரிக்க இதழ்களைச் ‘சாணித்தாள் இதழ்கள்’ என்றும், அவற்றின் கதைகளைச் ‘சாணித்தாள் புனைவு’ என்றும், எதிர்நிலை இதழ்களை ‘வழவழத்தாள் இதழ்கள்’ என்றும் வழங்கலாம். திரைப்படம் தாளில் வருவதன்று. எனவே அதைச் ‘சாணித்தாள் படம்’ என்னாமல் ‘சாணித்தாள் மரபில் வந்த படம்’ என்று விரித்து எழுதுவதே சரி. ‘படம் பல்ப்பாக இருக்கிறது’, ‘படம் பல்ப்பாக இல்லை’ என்று ரசிகர்கள் எழுதும் இரு தொடர்களில், முன்னதை ‘படம் மலினமாக இருக்கிறது’ என்றும், பின்னதைப் ‘படம் சாணித்தாள் மரபின் வேகத்தை இழந்துவிட்டது’ என்றும் பெயர்த்தால், ஒருவர் தரத்தையும் மற்றவர் மரபையும் பற்றிப் பேசுகிறார் என்பது படிப்பவருக்குப் புலப்படும்.